கம்பளி அண்ணனின் ஆறு முதியவர்கள்

ரங்கூனில் குளிர்காலம் என்று ஒன்று இருப்பதை மனதார நம்பியவர் ஒரே ஒருவர்தான். அவர் கம்பளி அண்ணன். மற்றவர்களுக்கு இங்கே மழை உண்டு, வெயில் உண்டு, இரண்டுக்கும் நடுவே விடியற்காலையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் புரண்டு படுக்கிற சில வாரங்கள் உண்டு. அவ்வளவுதான். ஆனால் கம்பளி அண்ணனோ தீபாவளிப் பட்டாசுச் சத்தம் அடங்கியதும் வானத்தை அண்ணாந்து பார்ப்பார். மூக்கை ஒருமுறை உறிஞ்சுவார். "வந்திருச்சு தங்கச்சி" என்பார், எதிரிப் படை பாலத்தைத் தாண்டிவிட்டது என்கிற தோரணையில். எனக்கு அப்போது வேர்த்துக்கொண்டிருக்கும்.

பாலம் என்றேனே, அது பாகோ ஆற்றுப் பாலம். அதைத் தாண்டினால் தன்லியின். அங்கே ஆற்றோரமாக எங்கள் ஹாஜியாருக்கு ஒரு யார்டு இருந்தது. கட்டட வேலைக்கும் சாலை வேலைக்கும் பெரிய வண்டிகளை வாடகைக்கு விடுவது அவர் தொழில். நான் ரங்கூனின் போட்டாதாங் பகுதியிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய் அங்கே கணக்கு எழுதினேன். ஹாஜியார் நல்லவர், ஆனால் கண்டிப்பானவர். இந்த ஊரில் அவர் குடும்பத்துக்கு இருந்த நல்ல பெயர்தான் அவருக்கு உயிர். யாராவது வாசலில் நின்று சத்தமாகப் பேசினாலே அவர் முகம் சுண்டிவிடும்.

நகரத்தில் கட்டட வேலைகள் ஒவ்வொன்றாக நின்றபோது, வாடகைக்குப் போன வண்டிகள் எல்லாம் யார்டுக்குத் திரும்பி வந்தன. புதியவற்றை ஹாஜியார் விற்றுவிட்டார். மிஞ்சியவை ஆறு. எல்லாம் ஜப்பானில் உழைத்து, களைத்து, பிறகு கப்பல் ஏறி வந்த கிழங்கள். அவற்றை நிறுத்தக் கொட்டகை கிடையாது. திறந்த வெளியில், வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஆட்களிலும் மிஞ்சியவர்கள் மூவர்தான். நான், மெக்கானிக் கோ ஸோ என்ற பர்மியப் பையன், காவலுக்குக் கம்பளி அண்ணன். கோ ஸோவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், வசவு மட்டும் சரளமாக வரும். கம்பளி அண்ணன் யார்டின் மூலையில் கிடந்த ஒரு பழைய கண்டெய்னரில் குடியிருந்தார். அவருடைய நிஜப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. அவருக்கே மறந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அவருக்குக் குளிர் பயம் வந்த கதையை எனக்குக் குறைந்தது நூறு தடவையாவது சொல்லியிருப்பார். வாலிபத்தில் ஷான் மலைப்பக்கம் ரோடு போடுகிற வேலையில் இருந்தாராம். அங்கே நிஜமாகவே உறைபனி விழும். ஒரு ராத்திரி யாரோ புல்டோசரின் தண்ணீரை வடிக்காமல் விட்டுவிட்டார்கள். தண்ணீர் உறைந்து, விரிந்து, எஞ்சினைப் பிளந்துவிட்டது.

"ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு தங்கச்சி. காலையில போயிப் பாக்குறேன், நெஞ்சு வெடிச்சுக் கெடக்கு" என்பார். ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும். தன்லியினில் தண்ணீர் உறைய வேண்டுமென்றால் ஐஸ் கடைக்குத்தான் போக வேண்டும் என்று கோ ஸோ எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் செய்தது எல்லாமே கிறுக்குத்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஆற்றிலிருந்து எழும்புகிற மூடுபனி எங்கள் யார்டுக்குள் வந்து படுத்துக்கொள்ளும். காலையில் வண்டிகள் எல்லாம் குளித்த மாதிரி சொட்டிக்கொண்டு நிற்கும். அதனால் அண்ணன் சங்கிலிச் சக்கரங்களுக்கு அடியில் பலகை போடச் சொல்வார். மண் தோண்டுகிற பேக்ஹோவின் கையை மடக்கி, வாளியைப் பலகைமேல் இறக்கி வைக்கச் சொல்வார். பளபளக்கிற இரும்புத் தண்டுகளுக்கெல்லாம் கிரீஸ் பூசுவார். டீசல் டேங்கை வாய்வரை நிரப்புவார், காலி இடம் இருந்தால் உள்ளே பனி வேர்த்துத் தண்ணீராகிவிடுமாம். புகைபோக்கியின் தலையில் காலிப் பால்டின்னைக் கவிழ்ப்பார். அதற்கு மேல் தார்ப்பாய். அதையும் தரைவரை இழுத்துக் கட்ட விடமாட்டார், காற்றுப் போகக் கீழே இடம் விடுவார். இதுவரை கோ ஸோவும் தலையாட்டுவான். தகராறு கம்பளியில்தான் தொடங்கும்.

தார்ப்பாய் மழைக்கு, கம்பளி குளிருக்கு என்பது அண்ணனின் சித்தாந்தம். ஆகவே தார்ப்பாய்க்கு உள்ளே, வண்டியின் மேல், ஒரு கம்பளி.

"கம்பளி பனியை உறிஞ்சி வச்சுக்கும் ஊலே. இரும்பு துருப்பிடிச்சுரும்" என்பான் கோ ஸோ. ஊலே என்றால் பர்மியில் மாமா.

"அதுக்குத்தானே நான் தெனம் காயப் போடுறேன்? நீ ஈரத்தைப் போத்திக்கிட்டுத் தூங்குவியா? சொல்லு!"

தினமும் வெயில் ஏறியதும் யார்டின் வேலிமேல் கம்பளிகள் வரிசையாகக் காயும். தெருவில் போகிறவர்கள் உள்ளே ஏதோ ஆஸ்பத்திரி நடக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள். கம்பளி கிடைக்காத நாட்களில் கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்துப் போர்த்துவார். ஒரு நாள் நாற்காலியில் கழற்றிப் போட்ட என் ஸ்வெட்டரைக் காணோம். தேடினால், கிரேனின் பேட்டரிப் பெட்டிக்கு அதைப் போட்டு, பொத்தானும் மாட்டிவிட்டிருக்கிறார். "அதுக்கு எடுப்பா இருக்கு தங்கச்சி" என்றார். அவர் உடம்பில் ஒரு அரைக்கைச் சட்டையும் லுங்கியும்தான். கேட்டால், "நமக்கு ஓடுறது ரத்தம், அது தானா சூடா இருக்கும். அதுங்களுக்கு ஓடுறது எண்ணெய்ல்ல?" என்று என்னையே மடக்குவார்.

ஆறு வண்டிகளுக்கும் உறவுமுறை வைத்திருந்தார். புல்டோசர் பெரியவர். ரோடு ரோலர் சித்தப்பா. கிரேன் நெட்டையன். இரண்டு பேக்ஹோக்களும் அக்காமார். ஜெனரேட்டர் வண்டி மட்டும் மாப்பிள்ளை, ஏனென்றால் கொஞ்ச வேலைக்கு நிறையச் சத்தம் போடும். நாளாக ஆக எங்களுக்கும் அதே வழக்கம் ஒட்டிக்கொண்டது. "சித்தப்பாவுக்குப் புது பெல்ட் வாங்கணும்" என்று நான் ஹாஜியாரிடமே சொல்லி, அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்திருக்கிறார்.

இதெல்லாம் வேலிக்குள் இருந்தவரை வம்பில்லை. ஒரு குளிர்காலத்தில் அது வேலியைத் தாண்டியது. முதலில், பெரியவருக்கு அடிவயிறு சில்லிட்டுவிட்டது என்று சொல்லி, எஞ்சினுக்குக் கீழே ஒரு சட்டியில் கரி நெருப்பு வைத்தார். மலையில் அப்படித்தான் எண்ணெயை இளக்குவார்களாம். தார்ப்பாய்க்குள்ளிருந்து புகை கிளம்பியதைப் பார்த்து அக்கம்பக்கத்தார் அலற, பேட்டையின் தீயணைப்புத் தொண்டர்கள் மணியடித்துக்கொண்டு வந்து இறங்கிவிட்டார்கள். இரண்டாவதாக, மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத வாடிக்கையாளர் ஒருவர் ரோலர் கேட்டு வந்தார். அண்ணன் கேட்டைப் பாதி திறந்து, உதட்டில் விரல் வைத்து, "இப்பதான் படுக்க வச்சேன். மாசி கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஹாஜியார் அன்றைக்கு வந்த கோபத்தில் உட்காரவே இல்லை.

"ஏம்ப்பா, இது யாரு யார்டு? ஒன்னோடதா, என்னோடதா?"

"ஒங்களதுதாங்க ஹாஜியார்."

"அப்ப கேட்டுக்க. இதான் கடைசி. இன்னொரு தடவை ஒன்னால வெளி ஆளு ஒருத்தர் இந்த வாசல்ல வந்து நின்னு நியாயம் கேட்டாங்கன்னா, அன்னைக்கே நீ பெட்டியைக் கட்டிரணும். கணக்கும்மா, நீயும் சாட்சி."

எப்போதும் ஒன்றுக்கு ஒன்பது பதில் வைத்திருக்கிற மனிதர், "சரிங்க" என்று மட்டும் சொன்னார். அவருக்குப் போக இடம் கிடையாது. இன்சீனில் ஒரு தம்பி இருந்தார், அவர் வீட்டில் தம்பிக்கே படுக்க இடம் கிடையாது. அந்தக் கண்டெய்னர்தான் அண்ணனுக்கு வீடு. ஆனால் சாயங்காலம் என்னிடம் அவர் கவலைப்பட்டது வீட்டைப் பற்றியே அல்ல. "நான் போயிட்டா இதுங்களை யாரு தங்கச்சி போத்துவா?" என்றுதான் கேட்டார்.

அதற்குப் பிறகு அண்ணன் வாயைக் கட்டிப்போட்டுக்கொண்டார். வாசலுக்கு வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அடக்கி வைத்ததையெல்லாம் யார்டுக்கு எதிரே இருந்த மொஹிங்காக் கடையில் கொண்டுபோய்க் கொட்டினார். கடைக்காரப் பெண்மணி டோ மியா. மீன் குழம்பை நூடுல்ஸ்மேல் ஊற்றிக்கொண்டே ஊர்க்கவலை அத்தனையையும் கேட்டுக்கொள்கிற நல்ல மனசு அவருக்கு. கடையை விட்டு எங்கள் யார்டுக்குள் மட்டும் அவர் ஒருநாளும் வந்ததில்லை. பேட்டைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஆண்டுதோறும் ஏழை முதியவர்களுக்குக் கம்பளி தானம் செய்வதும் அவர்தான். குளிர்காலத்தில் இங்கே பௌத்தர்கள் அதைப் பெரிய புண்ணியமாகச் செய்வார்கள்.

இருவரும் பர்மியில்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு காலைப் பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"பெரியவருக்கு இன்னைக்கு எப்படி இருக்கு?" என்றார் டோ மியா.

"எழுப்புனா இருமி இருமி ஓயுறாரு."

"சித்தப்பா?"

"அவரு ராத்திரி பூரா சொட்டுச் சொட்டா ஒழுகுறாரு. கீழ மண்ணெல்லாம் ஈரம்."

"ஐயோ பாவம். கையைக் காலைப் பிடிச்சு நகத்திப் படுக்க வைக்கக் கூடாதா?"

"நகத்தவா? கனத்தைப் பாத்தா அப்படிச் சொல்ல மாட்டீங்க. அக்காமார் ரெண்டு பேருக்கும் கையை மடக்குனா நீட்ட முடியல."

"சாப்பாடு ஒழுங்கா குடுக்குறீங்களா?"

"வேலை இல்லாதவங்களுக்கு என்னா பெரிய சாப்பாடு? வாரத்துக்கு ஒரு தடவை எழுப்பி, கொஞ்சம் ஆட்டி அசைச்சு, திரும்பப் படுக்க வச்சிருவேன்."

டோ மியாவின் கையில் அகப்பை அந்தரத்தில் நின்றது. "எல்லாரும் வெளியிலயா படுக்குறாங்க?"

"கூரை ஏது? அத்தனை பனியும் அவங்க தலையிலதான். கம்பளியும் பத்தல. ஹாஜியாரு, வாங்குற ஆளு கெடைச்சா ரெண்டைத் தள்ளி விட்டுரலாம்னு பாக்குறாரு."

அகப்பை குழம்புக்குள் விழுந்தது. நான் அடுத்த முக்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு இதில் ஒன்றுமே தவறாகப் படவில்லை. சித்தப்பா ஒழுகியது உண்மை, ஹாஜியார் விற்கப் பார்த்ததும் உண்மை. அண்ணனோடு நெடுநாள் பழகினால் அப்படித்தான் ஆகிவிடும்.

சில நாள் கழித்து ஒரு காலை, யார்டின் வாசலில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் நிறையப் பெண்கள். கையில் போனோடு சில இளைஞர்கள். ஒரு பெரிய அண்டா நிறையக் கஞ்சி. கட்டுக் கட்டாகப் புதுக் கம்பளிகள். ஒரு மூதாட்டி, ஒழுகுகிற சித்தப்பாவுக்கென்று வெள்ளை எனாமல் பாத்திரம் ஒன்றை மடியில் வைத்திருந்தார், படுக்கையில் கிடக்கிற நோயாளிகளுக்கு வைப்பார்களே, அது. இளைஞர்கள் கேட்டின் இரு பக்கமும் வினைல் பேனரைக் கட்டினார்கள். பூப்போட்ட எழுத்தில், முதியவர்களுக்குக் குளிர்காலக் கம்பளி தானம்.

அன்று பார்த்து ஹாஜியார் ஆபீசில் இருந்தார். வெளியே வந்தவரை டோ மியா மேலும் கீழும் பார்த்தார்.

"வயசானவங்களை விக்கிறது நீங்கதானா?"

"யா அல்லா!" என்று தமிழில் அலறினார் ஹாஜியார். பிறகு பர்மியில், "நான் யாரைம்மா வித்தேன்?" என்றார்.

இதற்குள் உள்ளிருந்து ஓடி வந்தார் கம்பளி அண்ணன். கம்பளிக் கட்டுகளைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தம் வண்டிகளுக்காக ஒரு பேட்டையே இரங்கிக் கிளம்பி வந்திருக்கிறது என்று அவர் முழுமையாக நம்பினார். "வாங்க, வாங்க" என்று எல்லோரையும் அழைத்துப் போய், தார்ப்பாயை அவிழ்த்து, மணப்பெண்ணின் முகத்தைக் காட்டுவதுபோல் மெதுவாக விலக்கினார்.

"இவருதான் பெரியவரு."

போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அண்ணன் அதைக் கவனிக்காமல் அடுத்த தார்ப்பாய்க்குப் போனார். "இவரு சித்தப்பா. இங்கதான் ஒழுகுது பாருங்க."

கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "வீடு வீடா ஏறி, வயசானவங்க பனியில கெடக்குறாங்கன்னு சொல்லி வாங்குன கம்பளி இது! இனிமே அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது? எங்களைப் பொய்க்காரியா ஆக்கிட்டீங்களே!"

அவர் கேட்டது நியாயம். தானம் என்று சொல்லி வாங்கியதை இரும்புக்குப் போர்த்தினால் யார் ஒப்புவார்கள்? ஹாஜியார் நெஞ்சில் கை வைத்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான் என்னா சொல்லியிருந்தேன்?"

அண்ணன் அப்போதுதான் எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடிப்பதற்குள் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "நான் பொய் சொல்லல ஹாஜியார்" என்றார். வேறெதுவும் சொல்லாமல் கண்டெய்னருக்குள் போனார். தகரப் பெட்டி இழுபடுகிற சத்தம் கேட்டது. ஹாஜியாரிடம் பேச வாயெடுத்தேன், அவர் என் பக்கமே திரும்பவில்லை.

டோ மியா அண்ணன் பின்னாலேயே போனார். அவர் போனதால் எல்லோரும் போனார்கள். அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பை ரங்கூனில் யாரும் விடுவதில்லை. உள்ளே ஒரு பலகைக் கட்டில், ஒரு பாய், தலையணைக்குப் பக்கத்தில் மடித்து வைத்த கிழிந்த தார்ப்பாய்.

"இது என்ன?" என்று கேட்டார் டோ மியா.

அண்ணன் பெட்டிக்குள் சட்டையை வைத்துக்கொண்டே, "போத்திக்கிறது" என்றார்.

"உங்களுக்குக் கம்பளி இல்லையா?"

அண்ணன் அடுத்த சட்டையை எடுத்து மடித்தார். வாசலிலிருந்து கோ ஸோதான் சொன்னான். "அவரோடது பெரியவர்மேல கெடக்கு. போன குளிர்லயே குடுத்துட்டாரு."

இது எனக்குத் தெரியாது. ஊருக்கே கம்பளி என்று பெயர் போன மனிதருக்குக் கம்பளி இல்லை என்று யார் நினைப்பார்கள்? டோ மியா அந்தத் தார்ப்பாயைக் கையில் எடுத்தார். அது பனியில் விறைத்திருந்தது. அதை அப்படியே தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"வயசானவர் ஒருத்தர் பனியில கெடக்குறார்னு சொன்னோம்ல? இதோ இருக்கார். நாம யாருகிட்டயும் பொய் சொல்லல."

ஆத்திரப்பட்ட பெண் முதலில் தார்ப்பாயைப் பார்த்தார், பிறகு அண்ணனின் அரைக்கைச் சட்டையைப் பார்த்தார். ஓடிப்போய்க் கம்பளிக் கட்டுகளிலிருந்து தடிமனான ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொண்டு வந்தவர் அவர்தான்.

அப்புறம் எல்லாம் முறைப்படி நடந்தது. பெரியவரின் சங்கிலிச் சக்கரத்தின்மேல் அண்ணனை உட்கார வைத்தார்கள். பின்னால் பேனர். டோ மியா இரண்டு கையாலும் கம்பளியைக் கொடுக்க, அண்ணன் இரண்டு கையாலும் வாங்க, எல்லோரும் பர்மிய வழக்கப்படி, நன்று என்கிற பொருளில், "தாது, தாது, தாது" என்று மும்முறை சொல்லிப் புண்ணியத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மற்றக் கம்பளிகள் அருகிலிருந்த மடத்து முதியவர்களுக்கு என்று முடிவாயிற்று. எனாமல் பாத்திரம்தான் பாக்கி. தானமாகக் கொண்டு வந்ததைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டேன் என்று மூதாட்டி பிடிவாதம் பிடித்தார். டோ மியா அதை வாங்கி, குனிந்து, ரோலருக்கு அடியில் தள்ளினார். டிங் என்று ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. கூட்டமே சிரித்தது. ஹாஜியார் சட்டென்று ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் தோள் மட்டும் குலுங்கியது.

கூட்டம் கலைந்ததும் அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஹாஜியார் முன்னால் நின்றார். புதுக் கம்பளி தோளில் கிடந்தது.

"நான் கெளம்பவா ஹாஜியார்?"

ஹாஜியார் அவரைப் பார்க்காமல், "கஞ்சி ஆறுது. மொதல்ல சாப்புடு" என்று சொல்லிவிட்டு காரில் ஏறிப் போய்விட்டார். அது போகச் சொன்னதா, இருக்கச் சொன்னதா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நான் பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சீக்கிரமே கிளம்பினேன். பாலத்தில் எதிரே வருகிற வண்டி தெரியாத அளவுக்குப் பனி. யார்டுக்குள் நுழைந்ததும் முதலில் வண்டிகளைத்தான் பார்த்தேன், புதுக் கம்பளி கட்டாயம் ஏதாவது ஒன்றின்மேல் ஏறியிருக்கும் என்று. இல்லை. அண்ணனையும் காணோம். பயந்துபோய்க் கண்டெய்னரை எட்டிப் பார்த்தேன். வாசலிலேயே தகரப் பெட்டி கட்டினபடி இருந்தது. உள்ளே கட்டிலில், கழுத்துவரை புதுக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் கம்பளி அண்ணன். நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுவதும் அவர் தூங்கிப் பார்த்ததே இல்லை.

வாராவாரம் வண்டிகளை ஓட்டிப் பார்க்கிற நாள் அது. கோ ஸோ புல்டோசரில் ஏறி உட்கார்ந்திருந்தான். அந்த நேரம் பார்த்து ஹாஜியாரின் கார் வந்தது. காவல்காரர் இன்னும் தூங்குகிறார் என்பதை எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடுவதற்குள் அவர் கண்டெய்னர் வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கோ ஸோவைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"இப்ப எதையும் கெளப்பாதே. அவரு எந்திரிக்கட்டும்."

தகரப் பெட்டியை ஹாஜியாரே தூக்கினார். சத்தம் வராமல் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். திரும்புகிறபோது சரளைக்கல் நறநறக்கும் என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நானும் கழற்றினேன், புல்டோசரிலிருந்து இறங்கிய கோ ஸோவும் கழற்றினான். அந்த மனிதர் இன்னும் கொஞ்ச நேரம் தூங்க வேண்டும் என்பதைத் தவிர, எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் காலையில் வேறு எந்த ஆசையும் இருக்கவில்லை.